அத்தையின் கல்லுப்பு, வீட்டுக்காரரின் இந்துப்பு, வயிற்றில் 15 வாரம்

ஏற்காட்டு மலையில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 29. பிறந்த வீடு ஆத்தூர்ப் பக்கம். இரண்டாவது கர்ப்பம், 15 வாரம் முடிந்திருக்கிறது. மூத்த மகனுக்கு ஐந்து வயது. ஓடுகிறான், சொன்னதைப் புரிந்துகொள்கிறான், கேட்டதை எடுத்து வந்து தருகிறான். ஆனால் பேச்சு மட்டும் இரண்டு சொல், மூன்று சொல்லோடு நின்றுவிடுகிறது. வீட்டில் பல வருடமாகச் சந்தையில் சாக்காக வாங்கிய கல்லுப்புதான். "அயோடின் உப்பு போட்டா ஊறுகா கறுத்துப் போயிரும், எங்க காலத்துல அயோடினை யாரு கண்டா" என்பது மாமியாரின் கட்சி. அந்த மாமியாரின் கழுத்திலேயே இருபது வருடமாக ஒரு கழலை இருக்கிறது. கணவர் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, போன வருடத்திலிருந்து சமையலுக்கு இந்துப்பு வாங்கத் தொடங்கினார்.

எட்டாவது வாரத்தில் ரத்தம் பார்த்தபோது, தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 6.1 என்று ஏறியிருந்தது. டி4, அதாவது அந்தச் சுரப்பி சுரக்கும் தைராக்சின், சரியாக இருந்தது. 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் சாப்பிட்டவர், "தைராய்டு மாத்திரை சூடு, பிள்ளைக்கு ஆகாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு மூன்று வாரமாக நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக 'இயற்கை அயோடின்' சொட்டு மருந்து ஒரு புட்டி ஆன்லைனில் வந்து இறங்கியிருக்கிறது. இன்னும் மூடி திறக்கவில்லை.

கேள்விகள் இவை: மகனுக்குப் பேச்சு வராததற்கு நான் சாப்பிட்ட உப்புதான் காரணமா? இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகுமா? சொட்டு மருந்தை ஆரம்பிக்கலாமா? அம்மா வீட்டிலிருந்து வரும் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) தொடக்கூடாதா? கடைசி வரியைப் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "ஒரு உறவுக்காரம்மா கலைச்சுடுன்னு சொல்றாங்க, எனக்குத் தூக்கம் வரலை."

அன்புச் சகோதரிக்கு,

கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப் போவதில்லை. முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை அந்தத் தைராக்சின் மாத்திரையை எழுதிக் கொடுத்த அளவிலேயே மறுபடி போட ஆரம்பியுங்கள். உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, "மூன்று வாரம் நிறுத்தியிருந்தேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். அவர் சொல்லும் நாளில் டிஎஸ்எச் பாருங்கள். சொட்டு மருந்துப் புட்டி மூடியபடியே இருக்கட்டும். வீட்டுக்காரர் அடுத்த முறை கடைக்குப் போகும்போது அயோடின் கலந்த உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வரட்டும். ரேஷன் கடையிலும் கிடைக்கும். இந்த மூன்றும் ஆன பிறகு மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மகனின் பேச்சு

நீங்கள் முதலில் கேட்டிருப்பது இதைத்தான். அதற்கு நேரான பதில்: ஒரு குழந்தைக்குப் பேச்சு தாமதமானதற்கு, ஐந்து வருடத்துக்கு முன்னால் தாய் சாப்பிட்ட உப்புதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன், உங்கள் மாமியாரும் சொல்லக் கூடாது. அந்த உப்பை வாங்கி வந்தவர்கள், உலையில் போட்டவர்கள், சாப்பிட்டவர்கள் எல்லோரும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். குற்றம் மட்டும் எப்படி மருமகளின் முந்தானையில் வந்து முடிந்தது?

அயோடின் மிக மோசமாகக் குறைந்த ஊர்களில் பிறந்த பிள்ளைகளிடம் ஒரு தெரிந்த படம் உண்டு. காது கேளாமை, மாறுகண், கால்கள் விறைத்து நடை தடுமாறுவது, ஆழமான அறிவு வளர்ச்சிக் குறை. 'கிரெட்டினிசம்' என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். ஓடுகிற, சொன்னதை எல்லாம் புரிந்துகொள்கிற உங்கள் மகனின் விவரம் அந்தப் படத்தோடு ஒட்டவில்லை. லேசான குறைபாடு என்றால் அதன் விளைவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரம் தாய்மாரின் சிறுநீரைச் சோதித்து, அவர்களின் பிள்ளைகளை எட்டு ஒன்பது வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கர்ப்பத்தில் அயோடின் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளில், சொல் சார்ந்த அறிவுத்திறனிலும் வாசிப்பிலும் கீழ்ப்படியில் இருந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பார்த்தால் தெரியும் வித்தியாசம் அது. ஒரே பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'இது அதுதான்' என்று சொல்ல அது உதவாது.

ஆனால் ஒன்றில் எனக்கு வருத்தம் உண்டு. உப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீங்கள், மகனுக்குக் காது சோதித்ததாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஐந்து வயதில் பேச்சு இந்த நிலையில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது காது. கதவு தட்டினால் திரும்புகிறான் என்பது போதாது. மெல்லிய ஒலிகளும், 'ச', 'ஸ' போன்ற உயர்ந்த ஒலிகளும் கேட்காத பிள்ளையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்து, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சுகாதாரக் குழுவினரே அங்கே அனுப்பி வைக்கவும் வழி இருக்கிறது. கூடவே மகனுக்கும் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். ஒரு ஊசிக் குத்துதான், சந்தேகம் தீர்ந்துவிடும். "பையன் லேட்டாப் பேசுவான், அவங்கப்பனும் அப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள். அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கட்டும், அதற்காகக் காதைச் சோதிக்காமல் விட வேண்டாம்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அயோடின் எதற்கு

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும் தைராய்டு சுரப்பிக்கு மூலப்பொருள் அயோடின். அது இல்லாமல் தைராக்சின் இல்லை. தைராக்சின் இல்லாமல் சிசுவின் மூளை நரம்புகள் இடம் பெயர்ந்து, கிளைவிட்டு, உறை போர்த்திக்கொள்ள முடியாது. சிசுவின் சுரப்பி பத்துப் பன்னிரண்டு வாரத்தில்தான் அயோடினைப் பிடிக்கத் தொடங்குகிறது. அதுவரை முழுவதும் தாயின் கையிருப்புதான். பிறகும் பாதிக் கர்ப்பம் வரை தாயின் தைராக்சின் கணிசமாகத் தேவைப்படுகிறது. அதனால்தான் கர்ப்பத்தில் தாயின் சுரப்பி வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை செய்கிறது. சிறுநீரில் அயோடின் போவதும் கூடுகிறது. சாதாரணப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

250 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? கடுகு ஒன்றை எடுத்துப் பல துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு தேறுமே, அவ்வளவு. ஆனால் அது தினமும் வேண்டும், பிறகும் வேண்டும். பால் குடிக்கும் குழந்தைக்கு அயோடின் உங்கள் பாலில்தான் வருகிறது.

முதல் பன்னிரண்டு வாரம் போய்விட்டதே என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள், தெரியும். போனது போனதுதான், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் மூளை வளர்ச்சி பன்னிரண்டாம் வாரத்தில் கடை அடைத்துவிடுவதில்லை. கர்ப்பம் முழுக்கவும், பிறந்து முதல் இரண்டு மூன்று வருடமும் நடக்கிறது. அதோடு, டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் 6.1 என்பது லேசான ஏற்றம். ஒரு மாதம் மாத்திரையும் போட்டிருக்கிறீர்கள்.

மூன்று உப்பு, மூன்று கதை

இந்துப்பிலிருந்து தொடங்குகிறேன். 'இமயமலை உப்பு' என்று இளஞ்சிவப்பாகப் பொட்டலத்தில் வருகிறது. வெட்டி எடுப்பது பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் கேவ்ரா சுரங்கத்தில். அதில் எண்பத்து நான்கு தாது இருக்கிறது என்று காணொளியில் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் நமக்கு வேண்டிய அயோடின் அதில் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை, தனியாகக் கலந்திருந்தால் ஒழிய. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்திலேயே கழுத்துக் கழலைக்குப் பேர்போன நிலம் இமயமலை அடிவாரம்தான். மழையும் உருகும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துக்கொண்டு போய்விட்ட நிலம் அது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில்தான் 1956-ல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவர் குழுவும் ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் சில வருடத்துக்குள் பிள்ளைகளின் கழுத்து வீக்கம் கண்கூடாகக் குறைந்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1962-ல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அந்த இமயமலையின் பெயரை ஒட்டிக்கொண்ட உப்பைத்தான் இப்போது கர்ப்பிணிக்கு நல்லது என்று வாங்குகிறோம்.

நம் சேர்வராயன் மலையிலும் மழை இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டினார்களே, யுகயுகமாக மழை மண்ணைக் கழுவிக் கரையக்கூடியதை எல்லாம் கீழே கொண்டுபோன பிறகு மேலே மிஞ்சுகிற எச்சம்தான் அது. கொல்லையில் விளைகிற கீரையும் ராகியும் எவ்வளவு இயற்கையாக இருந்தாலும், மண்ணில் இல்லாத அயோடின் அவற்றில் வராது. மேட்டூர் அணை மீன் நல்ல உணவு, புரதம் உண்டு. ஆனால் அயோடினுக்குக் கடல் மீன்தான். மத்தியோ நெத்திலியோ வாரம் இரண்டு நாள் கிடைத்தால் சாப்பிடுங்கள். முட்டையும் பாலும் கொஞ்சம் தரும்.

அடுத்தது அத்தையின் சாக்கு உப்பு. நேரடியாக மனிதர் உண்ண அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்ற தடை 2006 மே 17 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சாக்கு சந்தைக்கு எப்படி வருகிறது என்றால், தோல் பதனிட, ஐஸ் கட்ட, மாட்டுத் தீவனத்துக்கு என்று. அதைக் கேட்டு வாங்கிச் சமையலுக்குப் போடுவது நாம்தான். குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. அப்படியிருந்தும் 2018-19-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம் இருந்தபோது, தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களின் வரிசையில் கடைசி. தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் மலிவாக மூட்டையில் வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

கல்லுப்புதான் வேண்டும், தூள் உப்பில் ருசி இல்லை என்றால் அத்தையோடு சண்டை வேண்டாம். அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்டில் வருகிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரையும் 'அயோடின் கலந்தது' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். நம் வீடுகளில் கல்லுப்பை ஒரு முறை அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாடியில் போடுவார்கள். கல்லுப்பில் அயோடின் கல்லின் மேல் தெளிக்கப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலசினால் முதலில் போவது அதுதான். மண் இருக்கிறதே என்றால் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவையே குழம்புக்கு ஊற்றுங்கள். சாடிக்கு மூடி போடுங்கள், அடுப்பு மேடையில் ஆவி படுகிற இடத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். முடிந்தால் குழம்பை இறக்கும் நேரத்தில் உப்பைப் போடுங்கள். கொதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது பொதுவான கணக்கு.

ஊறுகாய் கறுக்காது. அயோடின் உப்பில் ஊறுகாய் போட்டு நிறமும் ருசியும் மாறுகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மாறவில்லை. ஆனாலும் அத்தை நம்பவில்லை என்றால் ஊறுகாய்ச் சாடி அவருடைய ராஜ்ஜியமாக இருக்கட்டும். சோறும் குழம்பும் நம் பக்கம் வந்தால் போதும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒருவர் நாளைக்குப் பத்து கிராம் உப்பைத் தொடுகிறார் என்று வைத்தால் 150, கொதிப்பில் போனது போக 120. பல பாக்கெட்டுகளில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பாலும் முட்டையும் மீனும் சேர்ந்தால் 250-க்குப் பக்கத்தில் வந்துவிடலாம். 'அப்படியானால் உப்பைக் கூட்டிச் சாப்பிடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். பத்து கிராமே அதிகம், ரத்த அழுத்தம் காத்துக்கொண்டிருக்கிறது. உப்பின் அளவு பழையபடி இருக்கட்டும், சாடியில் இருப்பது மாறினால் போதும்.

மூடி திறக்காத அந்தப் புட்டி

அயோடின் குறைந்தால் கெடுதல், அதனால் நிறையக் கொடுத்தால் நல்லது என்று நினைப்பது இயற்கை. இங்கேதான் வழுக்கிவிடும். கடையில் கிடைக்கும் லுகோல் என்ற ஐந்து சதவீத அயோடின் கரைசலில் ஒரே ஒரு சொட்டில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் அயோடின் இருக்கிறது. உங்களுக்கு 25 நாளைக்கு வேண்டியது ஒரே சொட்டில்! கடற்பாசி மாத்திரைகளில் அளவே நிலையில்லை. ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் பல மடங்கு மாறும். வெள்ளம் போல அயோடின் வந்தால் தைராய்டு சுரப்பி பயந்து கடையைச் சாத்திவிடுகிறது. பெரியவர்களுக்குச் சில நாளில் மறுபடி திறந்துவிடும். வயிற்றில் இருக்கும் சிசுவின் சுரப்பிக்கு அந்தச் சாமர்த்தியம் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் வருகிறது. அதற்குள் சிசுவுக்கே தைராக்சின் குறைந்து, கழுத்தில் வீக்கமும் வரலாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை.

இன்னொன்று. உங்கள் டிஎஸ்எச் ஏறியிருப்பது அயோடின் குறைவால்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு டிஎஸ்எச் ஏறுவதற்குச் சாதாரணமான வேறொரு காரணம் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவது. டிபிஓ எதிர்ப்பொருள் சோதனை செய்தால் தெரியும். அப்படி இருந்தால் அளவுக்கு மீறிய அயோடின் எரிகிற வீட்டில் எண்ணெய். அயோடின் மூலப்பொருள், தைராக்சின் செய்து முடித்த பொருள். சுரப்பியால் செய்ய முடியாதபோது மாவை அள்ளிக் கொட்டுவதைவிட இட்டிலியாகவே கொடுப்பதுதானே வழி? மாத்திரை செய்வது அதைத்தான். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. உங்கள் உடம்பு சுரக்கும் அதே தைராக்சின்தான் அது.

150 மைக்ரோகிராம் அயோடின் உள்ள கர்ப்பகாலச் சத்து மாத்திரை வேறு விஷயம். வெளிநாடுகளில் பல இடத்தில் வழக்கமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் பெங்களூரிலும் பாங்காக்கிலும் லேசான அயோடின் குறைபாடு உள்ள கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்குத் தினம் 200 மைக்ரோகிராமும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, பிள்ளைகளை ஐந்தாறு வயதில் சோதித்த ஆய்வு 2017-ல் வெளியானது. இரு தரப்புப் பிள்ளைகளிடமும் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. எனவே அந்த மாத்திரையைத் தவறவிட்டோமே என்று தவிக்க வேண்டாம். தைராக்சின் போடுபவர்களுக்கு அது கட்டாயமும் இல்லை. வெகுகாலம் அயோடின் இல்லாத உப்பையே சாப்பிட்டவர் நீங்கள் என்பதால் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள், நீங்களாக வாங்காதீர்கள்.

சிறுநீரில் அயோடின் பார்க்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். அது ஒரு ஊரின் நிலையை அறிய நல்ல சோதனை. ஒரு ஆளுக்கு நேற்று என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்துக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும்.

மாத்திரையும் மலைக் காபியும்

காபித் தோட்டத்து வீட்டில் விடிந்ததும் டம்ளர் கையில் வந்துவிடும். அதில் ஒரு சிக்கல். தைராக்சினைக் காபியோடு விழுங்கினால் மருந்தில் கணிசமான பங்கு உடம்பில் சேராமல் குடலிலேயே தங்கிவிடும். எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. முடியாவிட்டால் அரை மணியாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அவற்றை மதியமும் இரவும் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பார்த்து அளவை மாற்றுவார்கள். மலையிறங்கி வரும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு வாந்தி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தத்தை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

குச்சிக்கிழங்கு

ஆத்தூர்க்காரரிடம் குச்சிக்கிழங்கைச் சாப்பிடாதே என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடைந்து சயனைடு வருகிறது. உடம்பு அதைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்தத் தயோசயனேட், தைராய்டுக்குள் நுழைய வரும் அயோடினோடு வாசலில் முட்டி மோதும். காங்கோவில் கசப்பு ரகக் கிழங்கைச் சரியாகப் பக்குவம் செய்யாமல் தினச் சோறாகவே சாப்பிட்ட, மண்ணிலும் அயோடின் இல்லாத ஊர்களில் இது பெரிய தொல்லையாக இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் வந்த வினை அது.

தோலுரித்துத் துண்டு போட்டு, தண்ணீர் நிறைய விட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். வாய்க்குக் கசந்தால் அந்தக் கிழங்கைத் தூர எறியுங்கள், ஆலைக்கென்று போடும் கிழங்கை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஜவ்வரிசிக்குப் பயமே வேண்டாம். அரைத்து, நீரில் பலமுறை படியவைத்து எடுத்த மாவு அது. வாரம் ஒன்றிரண்டு நாள் அயோடின் உப்புப் போட்டு அவித்த கிழங்கு சாப்பிட்டால் தைராய்டுக்கு ஒன்றும் ஆகாது. முட்டைக்கோஸுக்கும் கம்புக்கும் இதே பதில்தான்.

அத்தையின் கழுத்து

"அயோடின் உப்பு சாப்பிட்டுத்தான் எல்லாருக்கும் தைராய்டு வருது" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெகுகாலக் கழலையில் முடிச்சுகள் இருக்கும். அயோடினே காணாத அந்த முடிச்சுகளுக்குத் திடீரென்று அயோடின் கிடைத்தால், சிலருக்குத் தைராக்சின் அதிகமாகச் சுரந்து படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு வரலாம். முக்கியமாக வயதானவர்களுக்கு. அதற்காக வீடு முழுக்க அயோடின் இல்லாமல் இருப்பது தீர்வாகாது. அத்தைக்கு ஒரு டிஎஸ்எச், கழுத்துக்கு ஒரு ஸ்கேன். இருபது வருடக் கழலையை இதுவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது. அண்மையில் பெரிதானதா, விழுங்கச் சிரமமா, குரல் கம்மியதா என்று கேளுங்கள். ஒன்றுக்காவது 'ஆமாம்' வந்தால் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்காக மட்டும் உப்பை மாற்றச் சொன்னால் அத்தை முறுக்கிக்கொள்வார். "உங்க கழுத்தையும் காட்டிட்டு வந்துரலாம் அத்தை" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

பென்சிலில் எழுதிய வரி

கர்ப்பத்தைத் தொடர்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு சட்டம் அனுமதிக்கிறது. அந்த உறவுக்காரம்மாவுக்கு இதில் வாக்கு இல்லை. ஆனால் உப்புக்காகவும் 6.1 என்ற டிஎஸ்எச்சுக்காகவும் கலைக்க வேண்டும் என்றால், மருத்துவக் காரணம் எதுவும் அதில் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்ட எத்தனையோ தாய்மாருக்கு இந்த ஊரில் நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்பு ஸ்கேன் எடுப்பார்கள். அது இதயத்தையும் முதுகெலும்பையும் காட்டும், அறிவைக் காட்டாது. யாராவது ஸ்கேனை வைத்துப் பிள்ளையின் அறிவைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு உண்மையான பதில் பிரசவத்துக்குப் பிறகு கிடைக்கும். குழந்தை பிறந்து இரண்டு நாள் கழிந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டிஎஸ்எச் பார்க்கலாம். பிறவியிலேயே தைராய்டு குறைவு இருந்தால், முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள். தானாகச் செய்துவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் "குதிகால் ரத்தம் எடுத்தாச்சா, ரிசல்ட் எப்ப வரும்" என்று நீங்களே கேளுங்கள். வீட்டுக்காரரையும் இந்தக் கேள்வியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அடுத்த முறை கீழே வரும்போது அத்தையையும் கூட்டி வாருங்கள். சாக்கிலிருந்து ஒரு பிடி, இந்துப்பு ஒரு பிடி, புதுப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி, மூன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். என் மேஜையில் உப்பைச் சோதிக்கும் திரவம் ஒரு சின்னப் புட்டியில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டால் அயோடின் இருக்கும் உப்பு நொடியில் நாவல்பழ நிறத்துக்கு மாறும், இல்லாதது அப்படி மாறாது. சொட்டை அத்தையே விடட்டும்.